சபையின் காதால் கேட்பது: ஆலய இசைக்குழுவினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு, கிட்டார், தபேலா, ஆக்டோபேட் (குச்சியால் தட்டும் மின்னணுத் தாளக் கருவி) வாசிக்கிறவர்களும் பாடகர் குழுவில் நிற்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தென்மாவட்டத்துச் சபை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் கீபோர்டு வாசித்த அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன். பாமாலையும் (மேலைநாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகள்) கீர்த்தனையும் (நம் ராக தாளத்தில் அமைந்த பாட்டுகள்) பாடுகிற சபைகளை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் சொல்லியிருக்கிறேன். கத்தோலிக்கத் திருப்பலியில் வாசிக்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

நாங்கள் வாசிப்பது எங்களுக்கே கேட்கிறதே, சபையாரின் இடத்திலிருந்து தனியாக ஏன் கேட்க வேண்டும்?

எனக்கு இது புரிந்தது ஒரு டிசம்பர் 31 இரவு ஆராதனையில். பாட்டின் இரண்டாம் சரணத்தில் கரண்ட் போய்விட்டது. கீபோர்டு, மைக், ஃபேன் எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. சபையார் நிறுத்தவில்லை, இருட்டிலேயே பாடிக்கொண்டு போனார்கள். அத்தனை வருடத்தில் என் மானிட்டர் ஸ்பீக்கரில் (வாசிக்கிறவர் தனக்காகக் கேட்கும் ஸ்பீக்கர்) நான் கேட்டிராத சத்தம் அது. ஜெனரேட்டர் ஓடி விளக்கு வந்ததும் பழையபடி நாலு கட்டையில் கை வைத்தேன் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் சுருதி உயரும்). மொத்தச் சபையும் தடுமாறிவிட்டது. அந்த இரண்டு மூன்று சரணத்துக்குள் அவர்கள் ஏறக்குறைய ரெண்டு கட்டைக்கு இறங்கியிருந்தார்கள். வேகமும் குறைந்திருந்தது. நெடில் வருகிற இடத்தில் நின்று, மூச்சு எடுத்து, அடுத்த அடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வருடக்கணக்காக அந்தப் பாட்டை நாலு கட்டையில்தான் வாசித்து வந்தேன். அது உயரம் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை.

கச்சேரியில் பாடுகிறவர் மேடையில் இருப்பார், கேட்கிறவர் கீழே இருப்பார். ஆலயத்தில் பாயிலும் பெஞ்சிலும் இருக்கிறவர்கள்தான் பாடகர்கள். நாம் அவர்களுக்குப் பக்கவாத்தியம். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரிகள் சபையே சேர்ந்து பாடுகிற மரபில் வளர்ந்தவர்கள். இன்றைக்கும் நம் ஞானப்பாட்டுகளில் ஜெர்மன் மெட்டுகள் இருப்பதற்கு அதுதான் காரணம். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடும் மக்களின் முழுமையான, ஈடுபாடுள்ள பங்கேற்பைத்தான் வலியுறுத்தியது. மிருதங்கக்காரர் பாடகரின் வாயைப் பார்த்து வாசிப்பார். நாம் சபையின் வாயைப் பார்க்கிறோமா?

மேடையில் கேட்பதற்கும் பெஞ்சில் கேட்பதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

நிறைய இருக்கிறது. முதலில் நேரம். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 30 மீட்டர் நீள ஆலயத்தில் மேடைச் சத்தம் கடைசி வரிசையை எட்டக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு நொடி ஆகும். அங்கிருப்பவர் அதைக் கேட்டுப் பாடி, அந்தக் குரல் உங்களிடம் திரும்பி வர இன்னும் அவ்வளவு நேரம். ஆக, அவர் உங்களோடு சரியாகவே பாடினாலும் ஐந்தில் ஒரு பங்கு நொடி பிந்தித்தான் உங்களுக்குக் கேட்கும். “சபையார் இழுக்கிறார்கள்” என்று நாம் குறை சொல்வதில் ஒரு பங்கு இதுதான். அவர்களுக்காக என்று நீங்கள் வேகத்தைக் குறைத்தால், அதைக் கேட்டு அவர்கள் இன்னும் குறைப்பார்கள். நாலு சரணத்தில் பாட்டு ஊர்ந்துபோகும். நிதானமான ஒரு வேகத்தை முதலிலேயே எடுத்து, அதைக் கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, என்ன போய்ச் சேருகிறது என்பது. பேஸ் சத்தம், அதாவது கனத்த கீழ்ச்சத்தம், தூண்களைச் சுற்றிக்கொண்டு போகும். 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளமே 3.4 மீட்டர், ஒரு தூண் அதற்கு ஒரு தடையே இல்லை. மூலைகளிலும் சுவரோரத்திலும் அது குவிந்து நிற்கும். பாட்டின் சொற்களைப் புரியவைக்கிற ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மையான சத்தம் அப்படி வளைந்து போகாது. தூணுக்குப் பின்னால் இருப்பவருக்கு அதில் பெரும்பகுதி போய்ச் சேராது. இதோடு கருங்கல் சுவரும் மொசைக் தரையும் சேர்ந்தால் முந்தைய சொல்லின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து விழும்.

மூன்றாவது, மானிட்டர். உங்கள் காலடியில் இருக்கும் ஸ்பீக்கர் உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் சொல்லும்.

ஆராதனை நடக்கும்போது நான் எழுந்து போய் உட்கார முடியாதே?

மாதத்தில் ஒரு ஞாயிறு வாசிக்காமல் இருங்கள். குடும்பத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடுங்கள். கீபோர்டுக்கு வேறு ஆள் இல்லை என்றால், வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையிடம் அன்றைக்கு இரண்டு பாட்டைக் கொடுங்கள். அந்தப் பிள்ளை எளிமையாக வாசிப்பதால் சபை எவ்வளவு நன்றாகப் பாடுகிறது என்றும் கேட்பீர்கள்.

அதற்கும் வழியில்லையென்றால் செல்போன். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, நடு வரிசையில் காது உயரத்தில் வைத்து ஒரு பாட்டு முழுவதும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான போன்கள் சத்தத்தைத் தாமாகவே ஏற்றி இறக்கிச் சமப்படுத்திவிடும், அதனால் சத்தம் அதிகமா குறைவா என்று அதில் தெரியாது. சொற்கள் புரிகின்றனவா, மேடை மேலே நிற்கிறதா சபை மேலே நிற்கிறதா என்பது தெரியும். எங்கள் சபையில் முதல் தடவை இப்படிப் பதிவு செய்ததைக் கேட்டபோது நான்கு நிமிடத்துக்கு கீபோர்டும் ஆக்டோபேடும்தான் இருந்தன. இருநூறு பேர் உட்கார்ந்திருந்த ஆலயம் அது.

சனிக்கிழமை பயிற்சியில் இறங்கிப் போய்க் கேட்டால் போதாதா?

உதவும், ஆனால் போதாது. ஆட்களின் உடம்பும் உடுப்பும் சத்தத்தை, குறிப்பாகக் கூர்மையான மேல்சத்தத்தை, உறிஞ்சிக்கொள்ளும். காலி ஆலயத்தில் எல்லாம் பளபளவென்று ஒலிக்கும், ஞாயிற்றுக்கிழமை அதே அமைப்பு மந்தமாகக் கேட்கும். அது மட்டுமல்ல, சனிக்கிழமை ஃபேன் ஓடாது, குழந்தை அழாது, ரோட்டில் பஸ் போகாது.

எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்?

ஒரே இடத்தில் வேண்டாம். பாய் போட்டுத் தரையில் உட்காரும் சபை என்றால் கட்டாயம் தரையில் உட்காருங்கள். ஸ்பீக்கர் ஆளுயரத்துக்கு மேலே இருக்கும், தரையில் இருப்பவரின் காது இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்று பாடும்போது அந்தக் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பத்து முதுகுகள். பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று தனித்தனியாக உட்காருகிற ஆலயங்களில் கீபோர்டின் ஸ்பீக்கர் ஏதாவது ஒரு பக்கமாகத்தான் திரும்பியிருக்கும். எங்கள் ஆலயத்தில் அது ஆண்கள் பக்கம் பார்த்து இருந்தது. பெண்கள் ஒரு மாத்திரை தள்ளி ஆரம்பிப்பதற்குக் காரணம் தேடிப் பல மாதம் அலைந்திருக்கிறோம்.

மாடத்துக்குக் கீழே, தூணுக்குப் பின்னால், வாசலோரம், பண்டிகை நாளென்றால் வெளியே பந்தலில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலோரம் நிற்கும் தாய்மாருக்கு என்ன கேட்கிறது என்று ஒரு தடவையாவது போய் நின்று பாருங்கள்.

அங்கே உட்கார்ந்து எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பக்கத்தில் இருப்பவரின் குரல் கேட்கிறதா என்று. உங்கள் குரல் உங்களுக்கே கேட்கிறதா என்று. இந்த இரண்டும் இல்லையென்றால் மற்றதெல்லாம் பிறகு. தன் குரல் தனக்குக் கேட்காதவர் ஒன்று கத்துவார், இல்லையென்றால் வாயை மூடிக்கொள்வார். பெரும்பாலும் மூடிக்கொள்வார்.

அப்புறம், எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிகிறதா என்று பாருங்கள். நான் முதன்முதலாகப் பெஞ்சில் உட்கார்ந்த ஞாயிறு, பக்கத்தில் ஒரு பாட்டியம்மா. அவரது பாமாலைப் புத்தகத்தின் அட்டை கிழிந்து, துணி வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. எண்ணைச் சொன்னதும் பக்கத்தைப் புரட்டி, முதல் அடியின் முதல் எழுத்தில் விரலை வைத்துக்கொண்டார். முன்னிசை நீண்டது. ஒரு இடத்தில் வாயைத் திறந்தார், இசை நிற்கவில்லை, மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். கடைசியில் மைக்கில் பாடகர் குழு ஆரம்பித்து இரண்டு சொல் போன பிறகு சேர்ந்துகொண்டார். விரல் ஓடிப் போய் இடத்தைப் பிடித்தது. ஆராதனை முடிந்து அவரிடம் பேசினேன். “தம்பி, நீங்க எப்ப ஆரம்பிப்பீங்கன்னே தெரியமாட்டேங்குது. முன்னாடி ஆர்மோனியம் வாசிச்ச ஐயா, ஒரு மூச்சு விட்டுக் கை வைப்பாரு. நாங்களும் அந்த மூச்சிலேயே எடுத்துருவோம்” என்றார்.

அந்த மூச்சுதான் விஷயம். முன்னிசையாகப் பாட்டின் கடைசி அடியையோ முதல் அடியையோ அப்படியே, அலங்காரமில்லாமல் வாசியுங்கள். முடிந்ததும் ஒரு மனிதன் மூச்சு எடுக்கும் நேரம் விட்டு ஆரம்பியுங்கள். ஒவ்வொரு சரணத்துக்கு முன்னாலும் அதே அளவு இடைவெளி இருக்கட்டும். நீங்களும் சேர்ந்து பாடிக்கொண்டே வாசித்தால் இது தானாக வரும், ஏனென்றால் உங்களுக்கும் மூச்சு வேண்டுமே.

சுருதியை எப்படித் தீர்மானிப்பது? பாடகர் சொல்கிற ஸ்கேலில் வாசித்தால் தப்பா?

முன்னால் நின்று பாடுபவரின் குரல் எங்கே மினுங்குமோ அங்கே ஸ்கேல் வைக்கிறோம். தனிப்பாட்டு என்றால் சரி. சபைப் பாட்டில் அது இருநூறு பேரின் வாயை அடைக்கும்.

கர்நாடக சங்கீதத்தில் ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரை கட்டையிலும் பாடுகிறார்கள். தனித்தனியாகப் பாடும்போது அந்த வசதி உண்டு. சபையில் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஒரே சுருதியில், ஸ்தாயி மட்டும் மாறி, சேர்ந்து பாட வேண்டும். அதனால் எல்லோருக்கும் பொதுவான இடம் சின்னது. கீபோர்டில் நடு ‘சி’யிலிருந்து மேல் ‘சி’ வரை, கொஞ்சம் தாராளமாகப் போனால் மேல் ‘டி’ வரை. ‘ஈ’யைத் தொட்டுவிட்டு இறங்கலாம், அங்கே நிற்கக்கூடாது. கீழே ‘ஏ’ வரை பெண்களுக்குக் கஷ்டமில்லை. பாட்டின் மிக உயரமான சுரம் எது என்று பாருங்கள், அதை ‘டி’க்குள் கொண்டுவாருங்கள், மற்றது தானாக அமையும்.

சேர்ந்து பாடுவதற்குக் காலை நேரத்துக் குரல் வேறு, மாலைக் குரல் வேறு. அதிகாலை ஆராதனைக்கு அரைக் கட்டையோ ஒரு கட்டையோ குறைத்து வையுங்கள். கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, கைக்கு ஒரு சிரமமும் இல்லை. கடைசிச் சரணத்தில் திடீரென்று அரைக் கட்டை ஏற்றுவது மேடைக்கு உற்சாகமாக இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், ஏற்றியதும் ஒரு பகுதிக் குரல் அப்படியே விழுந்துவிடும்.

கீர்த்தனைகளுக்கு ரிதம் போட்டு வாசிக்கலாமா?

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கீர்த்தனைக்குக் கீபோர்டின் ஆட்டோ ரிதத்தை (கருவி தானாகவே போடும் தாளம்) போடாதீர்கள்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து நம் சபைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் பாடி வருகின்றன. சரணத்தைச் சிலர் தயங்கிப் பாடுவார்கள், பல்லவி திரும்பி வரும்போது புத்தகம் இல்லாதவர், எழுத்துத் தெரியாதவர் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். அந்தத் திருப்பத்தில் ஒரு சின்ன நிறுத்தம் உண்டு, மூச்சும் அங்கேதான். மெஷின் ரிதத்துக்கு அந்த நிறுத்தம் தெரியாது. எண்ணிக்கை தீர்ந்ததும் அடுத்ததற்குப் போய்விடும். சபை எப்போதும் அரை மாத்திரை பின்னால் ஓடும். தபேலாவோ மிருதங்கமோ வாசிக்க ஆள் இருந்தால் அவர் காத்திருப்பார். ஆள் இல்லையென்றால் தாளமில்லாமலே வாசியுங்கள், சபை கைதட்டித் தாளம் போட்டுக்கொள்ளும்.

இன்னொன்று தமிழ் சம்பந்தப்பட்டது. நம் மொழியில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். மெட்டுக்காகக் குறிலை இழுத்தால் ‘வரம்’ ‘வாரம்’ ஆகிவிடும், ‘மனம்’ ‘மானம்’ ஆகிவிடும், ‘பலம்’ ‘பாலம்’ ஆகிவிடும். புத்தகம் கையில் இருப்பவர் கண்ணால் சரிசெய்துகொள்வார், இல்லாதவர் என்ன செய்வார்? மேலைநாட்டு மெட்டுக்குத் தமிழ்ச் சொல் போட்ட பாட்டுகளில் இது நிறைய நடக்கும். மெட்டை மாற்ற வேண்டியதில்லை. அந்த எழுத்தில் கொஞ்சம் சீக்கிரம் இறங்கி அடுத்த எழுத்தில் நின்றாலே போதும்.

அதேபோல ஒளி, ஒலி, ஒழி. எதிரொலிக்கும் ஆலயத்தில் இந்த மூன்றும் ஒன்றாகக் கேட்கும். ‘அருள்’ என்ற சொல்லின் முதல் எழுத்தில் ஆக்டோபேடின் சிம்பல் விழுந்தால் பின்வரிசைக்குப் போவது ‘ருள்’ மட்டும். அது அருளா இருளா என்று அவர் யோசிக்க வேண்டும். சிம்பலை அடியின் முடிவில் வையுங்கள், சொல்லின் தலையில் வைக்காதீர்கள்.

சத்தம் எவ்வளவு இருக்கலாம்?

வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி. கச்சேரி அரங்குகளுக்கே 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. ஆலயத்தில் நாம் அந்த எல்லைக்குக் கிட்டே போகவே காரணமில்லை. போன் ஆப் காட்டும் எண் தோராயமானதுதான், ஆனாலும் ஸ்பீக்கருக்கு நேரே உட்காரும் பிள்ளைகள் வரிசையில் வைத்துப் பாருங்கள்.

வயதானவர்களுக்குக் கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டுவது நல்ல எண்ணம்தான், பலன் குறைவு. வயதாகும்போது முதலில் குறைவது மேல்சத்தம் கேட்கும் திறன். மொத்தமாகக் கூட்டினால் பேஸும் சேர்ந்து கூடி, சொற்கள் இன்னும் மூழ்கும். பேஸைக் குறைத்து, பாடுகிற குரலை முன்னால் கொண்டுவாருங்கள். காதுக் கருவி வைத்திருப்பவர் ஸ்பீக்கருக்கு அருகில் உட்கார்ந்து, பாட்டு வந்ததும் அதைக் கழற்றினால் அது உங்களுக்கான பதில்.

மிக்ஸரை (எல்லா மைக், வாத்தியச் சத்தங்களையும் கூட்டிக் குறைக்கும் கருவி) எங்கே வைப்பது?

சபையார் உட்காரும் இடத்தில். பக்கத்து அறையிலும் மேடைக்குப் பின்னாலும் வைத்துவிட்டு ஆபரேட்டரைக் குறை சொல்ல முடியாது. நகர்த்த இடமில்லையென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் அவர் இரண்டு நிமிடம் வெளியே வந்து நின்று கேட்கட்டும். அவரும் பாட வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வேன். பாடினால்தான் தன் குரல் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இன்-இயர் (காதுக்குள் வைக்கும் சின்ன மானிட்டர்) போட்டு வாசிக்கிறோம், சபையார் பாடுவதே கேட்பதில்லை.

சபையைப் பார்த்து ஒரு மைக் வைத்து, அதை இன்-இயரில் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு காதை மட்டும் கழற்றிவிட்டு வாசிக்காதீர்கள், மற்றக் காதில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

சபையாரிடமே கேட்டால் சொல்வார்களா?

“பாட்டு நல்லா இருந்துச்சா?” என்று கேட்டால் “ஸ்தோத்திரம், நல்லா இருந்துச்சு தம்பி” என்றுதான் சொல்வார்கள். அன்பினால் சொல்கிறார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “எந்தப் பாட்டுல பாட முடியாம நிறுத்திட்டீங்க?” “புதுப் பாட்டுல பல்லவி எத்தனாவது தடவை பிடிபட்டுச்சு?” “உட்கார்ந்த இடத்துல எந்தச் சொல் புரியல?” இப்படிக் கேட்டால் பதில் வரும். பிள்ளைகளிடமும் கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள். வாரம் ஒருவரிடம், ஒவ்வொரு வாரமும் வேறு வரிசையில். சபைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாதவர் ஒருவர் இருந்தால் அவரிடம் முதலில் போங்கள். நமக்குப் பழகிப்போனதெல்லாம் அவருக்குத் தடையாக இருக்கும்.

புதுப் பாட்டு சொல்லிக் கொடுக்கும்போது, முன்காலத்தில் உபதேசியார்கள் அடி அடியாக வாசித்துக் கொடுத்ததைப் போல ஒருவர் வரியைச் சொல்லி, சபை திரும்பப் பாடட்டும். அதைச் செய்வதில் வெட்கம் வேண்டாம்.

சபையாருக்கு இசை தெரியாதே, அவர்கள் சொல்வதற்கெல்லாம் இசையைத் தாழ்த்தலாமா?

அவர்களுக்குச் சுரக்கூட்டுகளின் (கார்டு) பெயர் தெரியாது. எந்த அடியில் மூச்சு வாங்க வேண்டும், எந்தச் சொல்லில் தொண்டை அடைக்கும் என்பது தெரியும். அடக்கத்துக்குப் போகும் வீட்டில் வாத்தியம் எதுவும் இல்லாமல் நாலு பேர் சேர்ந்து பாமாலை பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். யாரும் சுருதி கொடுப்பதில்லை. ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் சேர்வார்கள், பாட்டு போய்க்கொண்டிருக்கும். அப்படிப் பாடுகிறவர்களுக்கு ஏற்றபடி வாசிப்பது இசையைத் தாழ்த்துவதாக எனக்குத் தோன்றியதே இல்லை. உங்கள் திறமை முழுவதையும் தனியிசைக்கும், காணிக்கை நேரத்துக்கும், திருவிருந்து நேரத்துக்கும் தாராளமாகக் கொடுங்கள்.

வாத்தியமே இல்லாமல் ஒரு சரணம் பாடச் சொல்லலாமா? வாத்தியங்களை எப்படி நிறுத்துவது?

மாதத்துக்கு ஒரு தடவையாவது செய்யுங்கள். எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த பாட்டாக எடுங்கள். ஆயரிடமும் பாடகர் குழுவிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாம் சரணத்தில் தாளம் நிற்கட்டும். மூன்றாம் சரணத்தில் பேஸ் கிட்டாரும் நிற்கட்டும், கீபோர்டில் இடதுகை மட்டும் மெதுவாகப் பிடித்திருக்கட்டும். பாடகர் குழு மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கட்டும். நான்காம் சரணத்தில் கையை எடுத்துவிடுங்கள்.

முதல் தடவை ஒரு அடி போவதற்குள் உங்களுக்குப் பயம் வரும், பாட்டு நின்றுவிடுமோ என்று. நிற்காது. மறுபடி சேர வேண்டுமென்றால் வால்யூமை நன்றாகக் குறைத்து ஒரு சுரம் தொட்டு, அவர்கள் எந்தக் கட்டையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இறங்கியிருந்தால் டிரான்ஸ்போஸில் நீங்களும் அங்கே இறங்கிச் சேருங்கள். பிடிபடவில்லையென்றால் ஆமென் வரை கையை மடியிலேயே வைத்துக்கொண்டு அவர்களோடு பாடுங்கள்.